ஆகனி என்ற சொல்லுக்குள் ஒரு மல்லுக்கட்டு

ஆங்கிலத்தில் துன்பத்தைச் சொல்லும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயின், ஏக், டிஸ்ட்ரஸ், மிசரி, ஆங்க்விஷ், டார்மென்ட், டார்ச்சர் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த வரிசையில் ஆகனி கடைசிப் படியில் நிற்கிற சொல், அதாவது இதற்கு மேல் தாங்க முடியாது என்கிற இடத்தில் வருவது. நம் பள்ளிக்கூட அகராதிகள் "கடும் வேதனை" என்று ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிடுகின்றன. பொருள் சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தால், முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர் ஏன் 'ஆகனைஸ்' பண்ணுகிறார், ஒரு வகை மருந்துக்கு ஏன் 'ஆகனிஸ்ட்' என்று பெயர், இதயம் நின்றபிறகு வரும் மூச்சை ஏன் 'ஆகனல்' மூச்சு என்கிறார்கள், கதையின் முதன்மைப் பாத்திரம் ஏன் 'புரோட்டாகனிஸ்ட்' ஆனது என்பதெல்லாம் தனித்தனித் துண்டுகளாகவே நிற்கும். இவை அத்தனைக்கும் ஒரே வேர். அந்த வேரில் வலி என்ற பொருளே கிடையாது. அதன் பொருள் போட்டி.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏ, ஜி, ஓ, என், ஒய் என்ற ஐந்து எழுத்தைப் பார்த்து நம்மில் பலர் 'அகோனி' என்று நடுவில் நீட்டிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, நடு அசை கிட்டத்தட்ட விழுங்கப்படுகிறது. பையைக் குறிக்கும் 'பேக்' (bag) என்ற ஆங்கிலச் சொல்லின் உயிரொலியை எடுத்து முதலில் வைத்துக்கொண்டால் சரியாக வரும். தமிழ் எழுத்தில் அதை அப்படியே பிடிக்க முடியாது என்பதால் இங்கே ஆகனி என்றே எழுதுகிறேன்.

சரி, கதை தொடங்குவது கிரேக்கத்தில். 'அகோன்' என்றால் பழங்கிரேக்க மொழியில் கூட்டம், குறிப்பாகப் போட்டி பார்க்கக் கூடிய கூட்டம், அப்புறம் அந்தப் போட்டியே. ஒலிம்பியாவில் நடந்த ஓட்டமும் மல்யுத்தமும் அகோன். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் திருவிழாவில் நாடகங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன, அதுவும் அகோன். போட்டியில் இறங்குகிறவன் அகோனிஸ்டீஸ். அந்த நாடக மேடையின் முதல் நடிகனுக்குத்தான் முதற்போட்டியாளன் என்ற பொருளில் புரோட்டாகனிஸ்ட் என்று பெயர் வந்தது. எதிர்த்து நிற்கிறவன் ஆன்டாகனிஸ்ட். இந்த இரண்டு சொற்களையும் தமிழ் சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள், ஆகனியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதுதான் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

போட்டி என்கிற சொல் எப்படி வேதனை ஆயிற்று என்று கேட்டால், அந்தப் போட்டிகள் எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும். கிரேக்கர்களின் பான்கிரேஷன் என்ற சண்டையில் கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும்தான் தடை, மற்றபடி குத்தலாம், உதைக்கலாம், மூட்டை முறிக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். தோற்றவன் விரலை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரை சண்டை ஓயாது. கி.மு. 564இல் ஒலிம்பியாவில் நடந்த ஒரு சண்டையைப் பவுசானியஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதி வைத்திருக்கிறார். ஃபிகாலியா ஊரைச் சேர்ந்த அரிக்கியோன் ஏற்கெனவே அங்கே வாகை சூடியவன். இந்த முறை எதிராளி அவனைக் கால்களால் பின்னிப் பிடித்துக்கொண்டு கைகளால் கழுத்தை நெரிக்கிறான். மூச்சு அடைபட்டுக்கொண்டிருக்கும்போதே அரிக்கியோன் எதிராளியின் கால்விரலைப் பிடித்து முறுக்கி மூட்டை விலக்கிவிடுகிறான். அந்த வலி தாளாமல் எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்கிற அதே நேரத்தில் அரிக்கியோனின் உயிர் போய்விடுகிறது. நடுவர்கள் அவன்தான் வென்றான் என்று அறிவித்து, பிணத்துக்கு மாலை சூட்டினார்கள். போட்டி, மூச்சுத் திணறல், வலி, சாவு நான்கும் ஒரே கணத்தில் நிற்கிற இந்தக் காட்சியில், பின்னாளில் இந்தச் சொல் போய்ச் சேர்ந்த எல்லாப் பொருள்களையும் பார்த்துவிடலாம்.

அகோன் என்பதிலிருந்து 'அகோனியா' வந்தது. முதலில் அதுவும் போட்டியைத்தான் குறித்தது. பிறகு போட்டிக்கு இறங்குகிறவனின் மனநிலைக்கு நகர்ந்தது. களத்தில் இறங்குவதற்கு முன் வயிற்றைப் பிசையுமே, ஜெயிப்போமா தோற்போமா என்று தெரியாத அந்தப் பதற்றம். ஸ்டோயிக் தத்துவவாதிகள் பயத்தை வகை பிரிக்கும்போது, முடிவு தெரியாத ஒன்றைப் பற்றிய அச்சம் என்று அகோனியாவுக்கு ஒரு தனி இடமே கொடுத்திருந்தார்கள். தமிழில் இதே பாதையில் போன ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: மல்லுக்கட்டுவது. மல் என்றால் குஸ்தி. இன்றைக்குப் பேங்க் லோனோடும் பெண்டாட்டி புருஷனோடும் பிள்ளையின் கணக்குப் பாடத்தோடும் மல்லுக்கட்டுகிறோம், குஸ்தி யாருக்கும் நினைவில் இல்லை. கிரேக்கச் சொல் அங்கிருந்து இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆழத்துக்கு அதைத் தள்ளியது ஒரே ஒரு வசனம். புதிய ஏற்பாட்டில் அகோனியா என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, லூக்கா 22:44. இயேசு பிடிபடுவதற்கு முந்தைய நேரம், எருசலேமுக்கு எதிரே ஒலிவ மலையில் முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடாதா என்று கேட்கிறார், கூட வந்த சீடர்கள் தூங்கிப்போகிறார்கள். அந்த இடத்தில் கிரேக்க மூலம் அவர் அகோனியாவில் இருந்தார் என்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இன்னும் ஒருவரும் அவரைத் தொடவில்லை. அடி இல்லை, முள்முடி இல்லை, ஆணி இல்லை. உடம்பில் ஒரு காயமும் இல்லாத நேரத்தைத்தான் கிறித்தவ மரபு இன்றுவரை ஆகனி என்கிறது, சிலுவைச் சாவு வரையிலான பாடுகள் முழுவதற்கும் பேஷன் என்ற வேறு பெயர் இருக்கிறது. வருவது தெரிந்தும் விலகி ஓடாமல் தனக்குள்ளேயே போராடிய நேரம் அது. வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல விழுந்தது என்று வசனம் முடிகிறது.

தமிழ் வேதாகமத்தில் இந்த இடம் "அவர் மிகவும் வியாகுலப்பட்டு, அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார்" என்று இருக்கிறது. வியாகுலம் என்பதை இன்று நாம் வெறும் துக்கம் என்று படித்துவிடுகிறோம், வியாகுல மாதா கோயில்களின் பெயர் அப்படிப் பழக்கியிருக்கலாம். அந்த வடசொல்லின் அடிப்பொருள் கலங்குதல், நிலைகொள்ளாமல் அலைபாய்தல். அகோனியாவுக்கு வலி என்றோ வேதனை என்றோ போடாமல் இதைப் போட்டவர்கள் மூலத்தை மிகக் கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று, லூக்கா 22இன் 43, 44ஆம் வசனங்கள் வத்திக்கான் சுவடி உள்ளிட்ட சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது, அதனால் பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட்டிருப்பார்கள். இருந்தும் ஐரோப்பிய மொழிகளுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த வசனத்துக்குத்தான் பெரும்பங்கு. லத்தீன் வேதாகமம் கிரேக்கச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே அகோனியா என்று வைத்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்ளிஃப் குழுவினர் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தபோதும் சொல் அப்படியே வந்தது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பதிப்பும் அதை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் ஆகனி முதலில் குறித்தது இந்த மனப்போராட்டத்தைத்தான். இயேசு ஜெபித்த இடமான, ஒலிவ மலை அடிவாரத்துக் கெத்செமனே தோட்டத்தில் 1924இல் கட்டி முடித்த தேவாலயத்துக்கு அனைத்து நாடுகளின் ஆலயம் என்று ஒரு பெயர், ஆகனி பசிலிக்கா என்று இன்னொரு பெயர்.

அதற்கப்புறம் சொல் சாவுப் படுக்கைக்குப் போனது. உயிர் போகிற கடைசி நேரப் போராட்டத்தை ஆகனி என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் இது ஒரு கிளைப்பொருளாக நின்றுவிட்டது, ஆனால் ஐரோப்பாவின் வேறு பல மொழிகளில் இதுதான் முதன்மைப் பொருள். பிரெஞ்சில் ஒருவர் அகோனியில் இருக்கிறார் என்றால் அவருக்குப் பயங்கர வலி என்று அர்த்தம் இல்லை, இறந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஸ்பானிய மொழியில் அகோனிசார் என்ற வினைச்சொல்லும் அப்படித்தான், ஜெர்மன் அகோனியும் அப்படித்தான். பாரிஸ் பக்கம் வாழ்கிற தமிழர்களும் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பல்வலியோடு பிரெஞ்சு டாக்டரிடம் போய் ஆங்கில நினைப்பில் இந்தச் சொல்லைப் போட்டால் அவர் வேறு எதையோ புரிந்துகொள்வார்.

தமிழிலும் இதற்கு ஈடான ஒன்று நடந்திருக்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் சடங்கை நம் கத்தோலிக்கர்கள் பல தலைமுறைகளாக அவஸ்தைப் பூசுதல் என்றார்கள், பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவஸ்தை என்ற வடசொல்லுக்கு வெறுமே 'நிலை' என்றுதான் பொருள். சைவ சித்தாந்தத்தில் விழிப்பு, கனவு, உறக்கம் என்று போகும் ஐந்து நிலைகளும் ஐந்து அவஸ்தைகள். அது மரண அவஸ்தை ஆகி, பிறகு எந்தக் கஷ்டமும் அவஸ்தை ஆகி, இன்று பஸ் வராவிட்டாலும் அவஸ்தைதான். ஆகனி நடந்த வழியில் பாதியை இதுவும் நடந்திருக்கிறது.

இந்தச் சாவு சார்ந்த பொருளில் ஒரு சொல் மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது, அதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். ஆகனல் பிரீத்திங். ஒருவருக்குத் திடீரென்று இதயம் நின்றுவிடுகிறது, சாய்ந்து விழுகிறார், கூப்பிட்டால் அசைவில்லை. ஆனால் வாய் திறந்து 'ஹக்' என்று ஒரு மூச்சு இழுக்கிறது, தாடையும் கழுத்தும் அசைகிறது, குறட்டை போலவோ முனகல் போலவோ ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, சில வினாடி கழித்து மறுபடி ஒரு இழுப்பு. சுற்றி நிற்கிறவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று தண்ணீர் தெளிப்பார்கள், காலைத் தேய்ப்பார்கள், வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். அது மூச்சே இல்லை. இரத்தம் வராமல் தவிக்கிற மூளைத்தண்டு கடைசியாகத் தட்டிவிடுகிற அனிச்சைச் செயல். நுரையீரலுக்கும் அதனால் பயனில்லை, உடம்புக்கும் பயனில்லை, சில நிமிடங்களில் அதுவும் நின்றுவிடும்.

அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லாமே இருக்கிறது. இதய நிறுத்தம் ஆனவர்களில் கணிசமான பேருக்கு இந்த இழுப்பு வருகிறது, அதைப் பார்த்துச் சாதாரண மூச்சு என்று எண்ணி நெஞ்சை அழுத்தாமல் விட்டுவிடுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு. எனவே அவசர சிகிச்சை நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன: ஆள் நினைவில்லாமல் இருக்கிறார், மூச்சு இயல்பாக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அழைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர் என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது. அந்த நேரத்தில் அவர் வேதனையில் துடிக்கிறாரா என்று வீட்டார் பின்னால் பல வருடம் நினைத்து நினைத்து அழுவார்கள், அதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மூச்சின் பெயரில் ஆகனி இருந்தாலும் அவர் அப்போது நினைவில் இல்லை. பெயர் வந்தது போராட்டம் என்ற பழைய பொருளிலிருந்து.

உடல் வலி என்ற பொருள் ஆங்கிலத்தில் வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு, ஏறத்தாழ 1600ஐ ஒட்டி. இன்று அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் பழைய வாசனை போகவில்லை. 'இன் ஆகனி' என்று எழுதினால் வாசகர் கண்முன் ஒரு ஆள் சும்மா படுத்திருக்க மாட்டார், புரண்டுகொண்டிருப்பார், துடித்துக்கொண்டிருப்பார், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். பெயின் என்பது ஒருவருக்கு இருப்பது, ஆகனி என்பது அவர் அதனுள் இருப்பது. ஆங்கிலத்தில் வலி 'இருக்கிறது' என்று ஹேவ் போட்டுச் சொல்லலாம், ஆகனியை ஹேவ் போட்டுச் சொன்னால் காதுக்கு இடிக்கும், 'இன்' தான் வரும்.

வலிச் சொற்களை அறிவியல் முறையில் அடுக்கிப் பார்த்தவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். 1975இல் வெளியான அவருடைய வலிக் கேள்வித்தாளில் 78 சொற்கள் 20 குழுக்களாக இருக்கின்றன. நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்து சொல்ல வேண்டும். கடைசிக் குழுவில் நச்சரிக்கும், குமட்டும், ஆகனைசிங், கொடூரமான, சித்திரவதையான என்ற வரிசை வருகிறது, அதாவது ஐந்தில் மூன்றாவது இடம். மொத்த வலியின் அளவைச் சொல்லும் ஐந்து புள்ளி அளவுகோலில் உச்சியில் வைத்தது எக்ஸ்க்ருஷியேட்டிங் என்ற சொல்லை, அது சிலுவை என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இதைப் படிக்கும்போது நம் ஊர் ஓ.பி. வரிசையில் காதில் விழுகிற சொற்கள் நினைவுக்கு வருகின்றன: விண்விண்ணென்று தெறிக்குது, சுரீர்னு இழுக்குது, கடுகடுன்னு இருக்கு, ஊசி குத்துற மாதிரி, பிசையுது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தடயம். இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் ஆங்கில டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் 'சிவியர் பெயின்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். த்ராபிங் (விண்விண்ணென்று தெறிப்பது), ஸ்டாபிங் (குத்துவது), பர்னிங் (எரிவது) என்று இனம் பிரித்துச் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. ஆகனி என்ற சொல் வலியின் வகையைச் சொல்லாது, அது எல்லை மீறிவிட்டது என்பதை மட்டும் சொல்லும், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்க்விஷ் லத்தீனில் இடுக்கு, நெருக்கடி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, நெஞ்சு இறுகும் ஆஞ்சைனாவும் ஆங்சைட்டியும் அதன் உறவு. அது பெரும்பாலும் மனசுக்கு மட்டும், பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு ஆங்க்விஷ், கால் முறிந்தவருக்கு ஆகனி. டார்மென்ட் முறுக்குதல் என்ற வேரிலிருந்து வந்தது, அதில் விடாமல் துன்புறுத்துகிற ஒன்றோ ஒருவரோ இருக்க வேண்டும், கொசுவும் டார்மென்ட் பண்ணும், குற்ற உணர்ச்சியும் பண்ணும். டார்ச்சர் அதே வேர்தான், ஆனால் வேண்டுமென்றே ஒரு மனிதர் செய்வது. சஃபரிங் பொதுச்சொல், வருடக்கணக்கில் நீளலாம். ஆகனி அப்படி நீளாது, உச்சத்தில் நிற்கிற நேரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

இனி ஒரு பக்கவழி. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தியே இருக்காது, முழுக்க விளம்பரம்தான், 1966 மே 2ஆம் தேதி வரை அப்படித்தான் ஓடியது. அதில் தனிநபர் விளம்பரப் பத்தி ஒன்று உண்டு. வீட்டைவிட்டுப் போன மகனே திரும்பி வா, உன் அம்மா படுத்த படுக்கை என்று நம் பேப்பர்களில் காணவில்லை விளம்பரம் வருமே, அதே வகை. மக்கள் அதற்கு 'ஆகனி காலம்' (column), அதாவது ஆகனிப் பத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதலர்கள் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கச் சங்கேத எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டதும் அதில்தான். இயற்பியலாளர் வீட்ஸ்டோனும் அவர் நண்பர் பிளேஃபேரும் அவற்றை உடைத்துப் படிப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். ஒரு மாணவன் தன் காதலியை ஓடிவரச் சொல்லிக் கேட்டதைக் கண்டுபிடித்த வீட்ஸ்டோன், அதே சங்கேதத்தில் வேண்டாம் என்று புத்தி சொல்லி ஒரு விளம்பரம் போட்டார், உடனே அந்தப் பெண் நம் சங்கேதம் பிடிபட்டுவிட்டது, இனி எழுதாதே என்று பதில் போட்டாள் என்று சொல்வார்கள். பின்னால் வாசகர்களின் அந்தரங்கப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் பத்திகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பதில் எழுதுகிற பெண்மணி 'ஆகனி ஆன்ட்' ஆனார். பிரிட்டனில் நர்ஸாக இருந்த கிளேர் ரெய்னர் இப்படிப் பெயர் பெற்றவர். வாரமலரில் 'அன்புடன் அந்தரங்கம்' படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அப்புறம் மருந்துக்கடை. ஆகனிஸ்ட் என்று மருந்தியலில் வந்தால் அதற்கும் வேதனைக்கும் தொடர்பே இல்லை, பழைய கிரேக்கக் களத்துக்குத்தான் தொடர்பு. உடலின் செல்களில் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அவற்றை வேலை செய்ய வைக்கிற மருந்து ஆகனிஸ்ட், உட்கார்ந்து வேலை செய்யவிடாமல் தடுக்கிறது ஆன்டாகனிஸ்ட். ஆஸ்துமாக்காரர்கள் பையில் வைத்திருக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒரு பீட்டா-2 ஆகனிஸ்ட். சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. மார்ஃபின் ஓபியாய்டு ஏற்பிகளின் ஆகனிஸ்ட், அது அளவு மீறிப்போய் மூச்சு தளர்ந்தால் கொடுக்கிற நலோக்சோன் அதன் ஆன்டாகனிஸ்ட். ஆகனியைத் தணிக்கிற மருந்து தானே ஓர் ஆகனிஸ்ட் என்பது தற்செயல்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள வசதியானது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை. 'வெரி ஆகனி' என்று வராது, அது பெயர்ச்சொல். 'சிவியர் ஆகனி' என்பதில் சிவியர் வீண், கடுமை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் 'ஷியர்', 'அப்சொலியூட்' போடலாம். உடல் வலிக்கு 'இன் ஆகனி', ஆனால் ஓர் உணர்ச்சியின் பிடியில் இருப்பவருக்கு 'இன் அன் ஆகனி ஆஃப்' என்று தொடங்கி குற்ற உணர்ச்சி, சந்தேகம், தயக்கம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'ப்ரொலாங் தி ஆகனி' என்பது பேச்சு வழக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இழுத்தடிப்பதற்கு. ஆகனைஸ் என்ற வினையில் உடல் வலி அநேகமாகக் காணாமலே போய்விட்டது. வயதான அப்பாவை முதியோர் இல்லத்தில் விடலாமா என்று மாதக்கணக்கில் மனசுக்குள் இரண்டு பக்கமும் வாதாடுகிறவர் ஆகனைஸ் பண்ணுகிறார், இது ஸ்டோயிக்குகள் சொன்ன பொருளுக்கே திரும்பிப் போனது மாதிரி. கிரிக்கெட்டில் கேட்ச் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனால் வர்ணனையாளர் 'ஆகனைசிங்லி க்ளோஸ்' என்பார், அங்கும் போட்டிதான்.

இந்திய ஆங்கில நாளிதழ்கள்தான் இந்தச் சொல்லை மலிவாக்கிவிட்டன. ரோடு தோண்டினால் வாகன ஓட்டிகளின் ஆகனி, மின்வெட்டு வந்தால் குடியிருப்போரின் ஆகனி, டிக்கெட் கவுண்டர் மூடினால் பயணிகளின் ஆகனி. தலைப்பில் இடம் குறைவு, ஐந்தெழுத்துச் சொல் கச்சிதமாக உட்காருகிறது, அது புரிகிறது. ஆனால் இதைப் படித்துப் படித்து நம் பிள்ளைகள் கல்லூரிக்கு எழுதும் விண்ணப்பத்தில், ஹாஸ்டலில் தண்ணீர் வராததால் நாங்கள் ஆகனியில் இருக்கிறோம் என்று எழுதுகிறார்கள். படிக்கிற ஆங்கிலேயருக்கோ அமெரிக்கருக்கோ அது மிகைப்படுத்தலாகத் தோன்றும், உண்மையான குறையும் எடை இழந்துவிடும். அங்கே ஹார்ட்ஷிப், டிஸ்ட்ரஸ், வெறும் இன்கன்வீனியன்ஸ் என்று அளவுக்கேற்ற சொற்கள் இருக்கின்றன. இரங்கல் கடிதத்திலும் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது, துக்கத்துக்கு கிரீஃப் போதும். ஆகனி என்று எழுதினால் இறந்தவர் துடித்துச் செத்தார் என்ற தொனி வந்துவிடும், அது வீட்டாரைக் குத்தும்.

எங்கே இந்தச் சொல்லை முழு எடையோடு எழுத வேண்டும் என்றால், புற்றுநோய் எலும்புக்குப் பரவி, வழக்கமான மாத்திரைகள் எதற்கும் கட்டுப்படாத வலியில் ஒருவர் கிடக்கும்போது. இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு, மருத்துவத்துக்கான மார்ஃபினும் உரிமம், அனுமதி என்ற கெடுபிடிகளில் சிக்கி ஆஸ்பத்திரிகளில் வெகுவாகக் குறைந்துபோனது. இத்தனைக்கும் அபினி விளையும் நாடு இது, மார்ஃபின் மாத்திரை விலை உயர்ந்ததும் இல்லை. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சை அமைப்பு வீட்டுக்கு வீடு போய் அந்த மருந்தைக் கொடுத்துக் காட்டியது, சட்டத்தை மாற்றச் சொல்லிப் பல வருடம் போராடினார்கள், 2014இல் திருத்தம் வந்து உரிம நடைமுறை எளிதானது. ஆனாலும் மார்ஃபின் என்றாலே பழக்கமாகிவிடும், கடைசி மருந்து, கொடுத்தால் செத்துவிடுவார் என்ற பயம் வீடுகளிலும் இருக்கிறது, சில டாக்டர்களிடமும் இருக்கிறது. முறையான அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் அந்த வலியைப் பெருமளவு அடக்க முடியும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், 'சம் பெயின்' என்று மென்று விழுங்காமல் 'ஹீ இஸ் இன் ஆகனி' என்றே டாக்டரிடம் சொல்லுங்கள், கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள், தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, மார்ஃபின் அங்கே கிடைக்குமா என்று அடுத்த வரியிலேயே கேளுங்கள்.